நூற்பாலை உதிரிப் பொருள்கள்: மாட்டுவது எளிதானால் மாற்றுவது தள்ளிப் போகாது

மில் ஸ்டோர்ஸ் வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முடிப்பதற்குள் மில் பிட்டர் ஒருவர் வந்து நிற்பார். கையில் எண்ணெய்க் கறை படிந்த காகிதப் பொட்டலம். அதற்குள் தேய்ந்து போன ஒரு சாமான். "இதே மாதிரி இருக்குதுங்களா? இன்னிக்கே வேணுங்க" என்பார்.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததுமே, அந்தச் சாமான் மில்லில் எத்தனை நாளாகத் தேய்ந்து கிடந்தது என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். கையாலேயே கழற்றி மாட்டக் கூடிய பொருள் என்றால் தேய்ந்த சில நாளிலேயே நம் கடைக்கு வந்துவிடும். நாலு பேர் சேர்ந்து அரை நாள் எந்திரத்தை நிறுத்திக் கழற்ற வேண்டிய பொருள் என்றால், நூல் கெட்டு, தறிக்காரர் கோனைத் திருப்பி அனுப்பி, முதலாளி மாஸ்டரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்ட பிறகுதான் வரும். இத்தனை ஆண்டு கல்லாவில் உட்கார்ந்து நாங்கள் கண்டது இது. பொருளின் விலை இரண்டாம் பட்சம்தான். மாற்றுவதற்கு ஆகும் நேரமும் சிரமமுமே அது எப்போது மாற்றப்படும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

டிராவலரை எடுத்துக் கொள்வோம். ரிங் ஃபிரேமில் வேலை செய்யும் பொருள்களிலேயே மிகச் சிறியது அதுதான். 40-ஆம் நெம்பர் நூலுக்குப் போடும் டிராவலர் ஒன்று ஏறத்தாழ 35 மில்லிகிராம் எடை இருக்கும். ஆயிரம் டிராவலர் எத்தனை கிராமோ அதுவே அதன் ஐ.எஸ்.ஓ. எண் என்பது நம் கடைப் பையன்களுக்கும் தெரியும். 1,008 கதிர் உள்ள ஓர் எந்திரத்துக்கு வேண்டிய அத்தனை டிராவலரையும் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு போய்விடலாம். ஆனால் அது படும் பாடு கொஞ்சமல்ல. 38 மில்லிமீட்டர் ரிங்கில் கதிர் நிமிடத்துக்கு 17,000 சுற்று ஓடினால், டிராவலர் விநாடிக்கு 34 மீட்டர் வேகத்தில் ரிங்கின் விளிம்பை உரசிக் கொண்டு ஓடுகிறது. மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல்! இரும்பின் மேல் இரும்பு. நடுவில் எண்ணெய் கிடையாது. பஞ்சு இழையிலிருந்து உதிரும் துகள் நசுங்கி, மெல்லிய படலமாகப் படிந்து, அதுதான் ஓரளவு உராய்வைக் குறைக்கிறது. எனவே டிராவலர் தேயத்தான் செய்யும். தேய்ந்தால் இழை அறும். மயிர் எழும்பிய நூல் வரும். சைடருக்கு ஓடி ஓடி இழை சேர்ப்பதே வேலையாகிவிடும்.

முன்பெல்லாம் பழைய டிராவலரைக் கொக்கியால் இழுத்து எறிந்துவிட்டுப் புதியதை விரலாலேயே மாட்டுவார்கள். பொட்டலத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வாய் எந்தப் பக்கம் என்று பார்த்து, ரிங் விளிம்பில் நெளித்து ஏற்ற வேண்டும். பழகிய கை என்றால் மடமடவென்று போகும். பழகாத கை என்றால் பாதி கீழே விழும். மீதியில் சில நெளிந்து போகும். இப்போது டிராவலரை வரிசையாகக் கோத்தே அனுப்புகிறார்கள். அதற்கென்றே செய்த கைக்கருவியில் சொருகி, ஒவ்வொரு ரிங்கிலும் வைத்துத் தள்ளினால் ஏறிவிடும். பொட்டலத்தில் உதிரியாக வருவதைவிட இது சற்று விலை கூடுதல் என்பது உண்மை. அந்தக் கூடுதலைக் கேட்டதும் சிறு மில்காரர்கள் முகம் சுளிப்பதும் உண்டு.

அவர்களுக்கு நாங்கள் ஒரு கணக்குச் சொல்வது வழக்கம். அங்குலத்துக்கு 25 முறுக்கு வைத்து, 17,000 சுற்றில் 40-ஆம் நெம்பர் ஓட்டினால் ஒரு கதிர் நிமிடத்துக்கு 17 மீட்டர் போல நூல் தருகிறது. எட்டு மணி ஷிப்டில் 115 கிராம் அளவுக்கு வரும். அப்படியானால் 1,008 கதிர் எந்திரம் ஒரு மணி நேரம் நின்றால் போவது 14 கிலோவுக்கு மேல் நூல். டிராவலர் மாற்றக் கையால் ஒரு மணி நேரமும் கருவியால் அரை மணி நேரமும் பிடிக்கிறது என்று வைத்துக் கொண்டால், ஒவ்வொரு தடவையும் 7 கிலோ நூல் மிச்சம். அன்றைய நூல் விலையை அவரே போட்டுப் பார்த்துக் கொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம். கால்குலேட்டரை அவர் கையில் கொடுப்பதுதான் வியாபார சாமர்த்தியம்; நாம் பெருக்கிச் சொன்னால் நம்ப மாட்டார்!

இனி காட்ஸ். இதைச் சொல்லும்போது எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

பழைய முறையில் ரப்பர் காட்ஸை மேல் உருளையின் மீது பசை தடவி ஏற்றுவார்கள். தேய்ந்தால் கத்தியால் கீறி உரித்து, உருளையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மறுபடி பசை தடவி, காய வைத்து, அதன் பிறகு பஃபிங் போட வேண்டும். பெரிய மில்களில் இதற்கென்றே ஒரு தனி அறையும் இரண்டு மூன்று ஆட்களும் இருப்பார்கள். பின்னாளில் உள்ளே மெல்லிய அலுமினியக் குழாய் வைத்த காட்ஸ் வந்தது. அலுகோர் என்று நாம் விற்பது இதைத்தான். பசை வேண்டாம், காய வேண்டாம். கைப்பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் பழையது கழன்றுவிடும். புதியதை அழுத்தினால் ஏறிவிடும். தொழிலுக்கு இது எத்தனை பெரிய வசதி என்பதைப் பசை நாற்றத்தில் வேலை செய்தவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் உடுமலைப் பக்கத்துச் சிறு மில் ஒன்றிலிருந்து எங்களுக்கு அலுகோர் காட்ஸ் ஆர்டர் வந்தது. ஓர் எந்திரத்தின் முன்வரிசைக்கு 1,008. போனில் எந்திரத்தின் பெயரையும் மாடலையும் சொன்னார்கள். நாங்கள் கேட்லாக்கைப் பார்த்தோம், எடுத்துக் கட்டினோம், லாரியில் ஏற்றினோம். மாதிரி கேட்கவில்லை. அந்த எந்திரத்தில் மேல் உருளையை முந்தைய முதலாளி காலத்திலேயே வேறு தயாரிப்புக்கு மாற்றியிருக்கிறார்கள் என்பது போனில் பேசியவருக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. உருளையின் விட்டத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம். காட்ஸ் பிடிக்காமல் வழுக்கிக் கொண்டு சுற்றியது.

இதில் வேடிக்கை என்னவென்றால் — அன்றைக்கு வேடிக்கையாக இல்லை — கழற்றுவது எளிதாக இருந்ததே வினையாகிவிட்டது. பசை போட்ட காலமாக இருந்தால் பத்து உருளையை உரிப்பதற்குள் புதியதை ஒன்றிரண்டு போட்டுப் பார்த்திருப்பார்கள். கைப்பிரஸ் வந்த உற்சாகத்தில் அந்த மேஸ்திரி ராத்திரியோடு ராத்திரியாக 504 உருளையிலும் பழைய காட்ஸைத் தள்ளிப் போட்டுவிட்டார். விடிந்ததும் புதியது ஏறவில்லை. பழையதில் பாதி நசுங்கிக் கிடந்தது. சரியான அளவை நாங்கள் திரட்டி அனுப்ப இரண்டு நாள் ஆயிற்று. சரக்கைத் திருப்பி எடுத்துக் கொண்டோம். பணத்தில் நஷ்டம் பெரிதாக இல்லை. ஆனால் எங்கள் தகப்பனார் காலத்திலிருந்து வாங்கிய அந்த மில் அதன்பின் ஓராண்டு எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அன்று முதல் எங்கள் கடையில் ஒரு வழக்கம். மாதிரிச் சாமான் இல்லாமல் முழு எந்திரத்துக்கான ஆர்டரை எடுப்பதில்லை. தெரிந்தவராக இருந்தாலும் முதலில் பத்து உருப்படி அனுப்பி, "போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அதுவரை பழையதைக் கழற்றாதீர்கள்" என்று சொல்கிறோம். சிலர் இதைக் கேட்டுக் கோபித்துக் கொள்கிறார்கள். கோபித்துக் கொள்ளட்டும்.

இந்தக் குழப்பத்துக்கு நம் ஊர் வரலாறும் ஒரு காரணம். கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்த காலத்திலிருந்து நெடுநாள் இங்கிலாந்து எந்திரங்கள்தான். ஓல்டாம் நகரத்துப் பிளாட் கம்பெனி எந்திரங்களைப் பார்த்த பெரியவர்கள் நம் சங்கத்தில் உண்டு. எல்லாம் அங்குலக் கணக்கு. மேல் உருளைகளுக்கு அழுத்தம் கொடுக்கக் கொக்கியில் எடைக்கல் தொங்கவிட்டிருப்பார்கள். உருளையை எடுக்க வேண்டுமானால் முதலில் எடையை இறக்க வேண்டும். பிறகு 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கி உள்ளூரிலேயே எந்திரம் கிடைத்தது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஜப்பான் எந்திரங்களும் புதிதாகவும் பழையதாகவும் வந்து சேர்ந்தன. ஸ்பிரிங் வைத்த டாப் ஆர்ம் வந்த பின் நெம்புகோலைத் தூக்கினால் போதும். மூன்று வரிசை உருளையும் கைக்கு வந்துவிடும். ஸ்பேனர் வேண்டாம். உருளையைக் கழற்றிச் சுத்தம் செய்வது வாடிக்கையானதே அதற்குப் பிறகுதான். இன்று ஒரே கூரையின் கீழ் மூன்று நாட்டு எந்திரங்களும், ஒவ்வொன்றிலும் வேறு வேறு காலத்தில் மாற்றிய பாகங்களும் இருக்கின்றன. பெயர்ப் பலகையை நம்பிச் சாமான் கொடுத்தால் எங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

டாப் ஆர்ம் மேல் ஏப்ரானுக்கும் நல்லது செய்தது. கூண்டை வெளியே எடுத்து, தேய்ந்த ஏப்ரானை உருவிவிட்டுப் புதியதைச் சொருகிவிடலாம். கூண்டில் மாட்டும் ஸ்பேசர் கிளிப்பும் அப்படியே. பிளாஸ்டிக்கில் வண்ணம் வண்ணமாக வருகிறது. வண்ணத்தைப் பார்த்தே அளவைத் தெரிந்து கொள்ளலாம் என்பதால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் தவறாமல் மாட்டுவார். (ஒரு தயாரிப்பாளரின் சிவப்பும் இன்னொருவரின் சிவப்பும் ஒரே அளவு என்று நினைத்துவிடக் கூடாது. கடையில் இரண்டையும் ஒரே டப்பாவில் போடும் பையன்களைக் கண்டிக்க வேண்டும்.)

ஆனால் கீழ் ஏப்ரான்? அங்கேதான் சங்கடம். கீழ் ஏப்ரான் இணைப்பில்லாத முழு வளையம். அது சுற்றிக் கொண்டிருக்கும் நடு உருளையோ எந்திரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரே கம்பியாக நீள்கிறது. துண்டு துண்டாகச் செய்து மரை போட்டு முறுக்கி இணைத்த கம்பி. நடுவில் ஒரே ஒரு ஏப்ரான் அறுந்தாலும், புதிய வளையத்தை உள்ளே விட வேண்டுமானால் அந்த இடத்தில் கம்பியைப் பிரித்துத் தூக்க வேண்டும். பிரித்ததை மறுபடி முறுக்கி, ஓட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யார் செய்வார்கள்? "அடுத்த ஓவராலிங்கில் பார்த்துக் கொள்ளலாம்" என்று அந்தக் கதிரை நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். அறுந்ததாவது கண்ணுக்குத் தெரியும். வெடிப்பு விட்டு இளகிப் போன ஏப்ரான் நிற்காமல் ஓடிக் கொண்டே இருக்கும். நூலில் தடிப்பும் மெலிவுமாக வரும். அந்த நூல் கோனுக்குள் போய், கோன் பெட்டிக்குள் போய், பெட்டி திருப்பூருக்குப் போய், பனியன் துணியில் கோடாக விழும்போதுதான் கண்டுபிடிப்பார்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இரு முனையையும் சாய்வாகச் சீவிய திறந்த ஏப்ரான் கிடைக்கிறது. கம்பியைப் பிரிக்காமலே உருளையைச் சுற்றி விட்டு, முனைகளை அந்த இடத்திலேயே பசையால் ஒட்டிவிடலாம். ஓடும் திசையைப் பார்த்து ஒட்ட வேண்டும். எதிர்த் திசையில் ஒட்டினால் சாய்வின் நுனி பிரிந்து எழும்பும். பெல்ட் விற்கும் நம் உறுப்பினர்களுக்கு இது விளக்க வேண்டாத விஷயம். முழு எந்திரத்துக்கும் இணைப்பில்லாத வளையமே சிறந்தது என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. இடையில் அறுந்து போகும் நான்கைந்து கதிர்களுக்காகத் திறந்த ஏப்ரானும் ஒரு குப்பி பசையும் ஒவ்வொரு மில்லிலும் இருப்பில் இருக்க வேண்டும். எங்களிடம் ஏப்ரான் வாங்குவோரில் இதைத் தாமாகக் கேட்பவர்கள் மிகச் சிலரே. நாம்தான் எடுத்துக் காட்ட வேண்டும்.

ஸ்பிண்டில் டேப்பில் இதே பிரச்சினை எப்போதோ தீர்ந்துவிட்டது. நான்கு கதிருக்கு ஒரு டேப். 1,008 கதிர் எந்திரத்தில் 252. பருத்தி நாடா காலத்தில் ஊசி நூல் வைத்துத் தைப்பார்கள். இப்போது நைலான் டேப்பை எந்திரத்தில் கோத்து, கையடக்கமான சூட்டுக் கிடுக்கியில் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். டேப்போடு கிடுக்கியும் விற்கிறோம்.

ரிங்கிலும் பழைய காலத்து யோசனை ஒன்று உண்டு. மேலும் கீழும் இரண்டு விளிம்பு உள்ள ரிங். மேல் விளிம்பு தேய்ந்ததும் கவிழ்த்துப் போட்டால் புதிய விளிம்பு கிடைத்துவிடும். வாங்கும்போதே மாற்று உதிரியும் சேர்ந்தே வந்துவிடுகிறது! வேகம் கூடிய பிறகு ஒற்றை விளிம்பு ரிங்குகளே பெரும்பாலும் போகின்றன.

கார்டிங் பக்கம் நடந்திருப்பதை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். பிளாட்டுகளில் ஊசிப் பட்டையை மாற்றுவது எப்போதுமே தனி வித்தை. பட்டையின் ஓரத்தைத் தகட்டால் மடக்கிப் பிடிக்க ஒரு எந்திரம், எல்லாப் பிளாட்டும் ஒரே மட்டத்துக்கு வர கிரைண்டிங், அதற்கென்று வெளியிலிருந்து வரும் ஆட்கள். 2000-க்குப் பிறகு ஜெர்மனியின் ட்ரூட்ஷ்லர் கம்பெனி காந்தத்தால் பிடிக்கும் ஊசிப் பட்டையைக் கொண்டு வந்தது. அலுமினியப் பிளாட்டில் காந்தம் பதித்திருக்கிறது. தேய்ந்த பட்டையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் தானே ஒட்டிக் கொள்ளும். வெளி ஆள் வேண்டாம். மில் ஆட்களே போதும். முதன் முதலில் இதைக் கேள்விப்பட்டபோது, குழந்தை விளையாட்டு போல இருக்கிறதே என்று நாங்களும் சிரித்தவர்கள்தான்.

இந்த வசதிகள் ஏன் இப்போது இவ்வளவு அவசியம் என்று சிலர் கேட்கலாம். பதில் மில் வாசலில் இருக்கிறது. தடவிப் பார்த்தே தேய்மானம் சொல்லும் பிட்டர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் மில்லுக்கு வருவதில்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வரும் இளைஞர்கள்தான் பெரும்பாலான மில்களில் ஷிப்ட் ஓட்டுகிறார்கள். சுறுசுறுப்பானவர்கள், ஆனால் ஆறு மாதத்தில் ஊருக்குப் போய்விட்டால் திரும்பி வருவது நிச்சயமில்லை. பத்து வருடம் பழகினால்தான் மாட்ட முடியும் என்ற சாமானை இவர்களை வைத்து மாற்ற முடியாது. சிறு மில்களின் நிலைமையோ சொல்ல வேண்டியதில்லை. 2008-லிருந்து சில ஆண்டுகள் மின்வெட்டில் அடிபட்டார்கள். 2023-இல் நூல் விலை கட்டுப்படியாகாமல் உற்பத்தியை நிறுத்துவதாகவே அறிவித்தார்கள். அப்படிப்பட்டவரிடம் எந்திரத்தை இன்னும் ஒரு நாள் நிறுத்துங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. மாற்றுவது எளிது என்ற பெயரில், முன்பு ஸ்பிரிங் தனியாக, பின் தனியாக விற்ற இடத்தில் "முழு யூனிட்டாகத்தான் வரும்" என்று சில தயாரிப்பாளர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். கதிரின் பேரிங் போல நுணுக்கமான இடத்தில் உள்பாகத்தை அப்படியே மாற்றுவது நியாயம். அதைப் பிரித்துச் சரி செய்கிறேன் என்று சொல்பவரை நம்பக் கூடாது. ஆனால் சாதாரண ஒரு ஸ்பிரிங் உடைந்ததற்கு முழு ஆர்மையும் வாங்கு என்றால் அது எளிமையல்ல, வசூல். இரண்டு நாளில் யூனிட் வந்துவிடும் என்பார்கள். வராதபோது மில்காரர் வந்து நிற்பது நம் கடை வாசலில்தான். உதிரியை உதிரியாகவே கொடுங்கள் என்று தயாரிப்பாளர்களிடம் தனிக் கடைக்காரர் கேட்டால் காதில் விழாது. சங்கத்தின் மூலமாகக் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அடுத்த செயற்குழுவில் இதைப் பேச எடுத்துக் கொள்ளுமாறு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அதுவரை கடையில் நாம் செய்யக் கூடியவை பெரிய செலவில்லாதவை. கல்லா மேசையில் ஒரு வெர்னியர் இருக்கட்டும். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டில் அல்லது கம்ப்யூட்டரில், எந்த எந்திரத்தில் எந்த அளவு காட்ஸ், எந்த ஏப்ரான், எந்த ரிங் விளிம்பு என்று அளந்து பார்த்தே எழுதி வைக்கலாம். கேட்லாக்கைப் பார்த்து எழுதினால் அது நோட்டாகாது. டிராவலர் விற்றால் கருவி இருக்கிறதா என்று கேட்பது, டேப் விற்றால் கிடுக்கியின் சூடு சரியாக ஏறுகிறதா என்று கேட்பது, இவையெல்லாம் ஒரு நிமிட வேலை. 1990-களின் கடைசியில் காம்பேக்ட் நூற்பு வந்தபோது வலை ஏப்ரான் என்ற புதிய தேய்பொருள் நம் அலமாரிக்கு வந்தது. அதை எப்படி மாட்டுவது என்று கற்றுக் கொண்டு விற்றவர்களிடமே அந்த வியாபாரம் தங்கியிருக்கிறது.

அந்த உடுமலை மில் இப்போது மறுபடி எங்களிடம் வாங்குகிறது. பழைய மேஸ்திரி ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம் வந்தவர் ஒடிசா இளைஞர். தமிழ் தட்டுத் தடுமாறி வருகிறது. பொட்டலத்தைப் பிரித்து, தேய்ந்த காட்ஸ் ஒன்றையும் அது ஏறியிருந்த உருளையையும் சேர்த்தே மேசையில் வைத்தார். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று கேட்டோம். "மேஸ்திரி எழுதி வெச்சிருக்கார்ண்ணா" என்றார். அளந்து பார்த்துப் பத்து உருப்படி கொடுத்தோம். எந்த எந்திரத்துக்கு என்று பொட்டலத்தின் மேல் எழுத வேண்டியிருந்தது. எங்களுக்கு ஒடியா தெரியாது; அவருக்குத் தமிழ் படிக்க வராது. எண்ணை மட்டும் பெரிதாக எழுதிக் கொடுத்தோம்.